டர்போ பொருத்தும் முன் ஹெட்டைக் கழற்றுங்கள்

தகர டப்பாவில் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் ஒரு சத்தம் வருமே, அது இன்ஜினிலிருந்து வந்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து உடனே காலை எடுத்துவிட வேண்டும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போவோ சூப்பர்சார்ஜரோ பொருத்திய பெட்ரோல் இன்ஜினுக்குக் கம்ப்ரஷன் (காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை சிலிண்டருக்குள் எத்தனை மடங்கு நெருக்குகிறோம் என்ற எண்) எவ்வளவு வைக்கலாம், எந்த சிலிண்டர் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) சரி என்று நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை இந்தச் சத்தத்தைச் சுற்றித்தான் நடக்கின்றன.

ஸ்பார்க் பிளக் பொறி போட்டதும் தீ ஓரிடத்தில் பிடித்து அறை முழுக்கப் பரவுகிறது. எரிந்த வாயு விரிந்து, மூலையில் இன்னும் எரியாமல் கிடக்கும் கலவையை நெருக்குகிறது. நெருங்க நெருங்க அந்தக் கலவை சூடேறுகிறது. தீ வந்து சேரும்வரை அது தாக்குப்பிடித்தால் பிரச்சினை இல்லை. பொறுக்கமாட்டாமல் மொத்தமாகத் தானே பற்றிக்கொண்டால் அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதுகின்றன. உலோகத்தை ஒட்டிப் படிந்து அதைக் காத்துவந்த மெல்லிய வாயுப் படலம் கிழிகிறது. பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு உடைவது பெரும்பாலும் இப்படித்தான். ஆக, அந்தக் கடைசி மூலைக் கலவை எவ்வளவு சூடாகிறது, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

கணக்குக்கு 86 மி.மீ. போர் (உள்விட்டம்), 86 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 500 சி.சி. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே 62.5 சி.சி. இடம் மிச்சம் இருந்தால் கம்ப்ரஷன் 9-க்கு 1. அதே இடம் 71.4 சி.சி. ஆனால் 8-க்கு 1. வித்தியாசம் 8.9 சி.சி., அதாவது இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. இந்த இரண்டு டீஸ்பூனுக்காகத்தான் இத்தனை சண்டை.

டர்போ பொருத்துபவர்களிடம் ஓர் அட்டவணை சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரஷனைப் பூஸ்ட்டோடு (டர்போ கூட்டித் தரும் அழுத்தம்) பெருக்கினால் ‘உண்மையான கம்ப்ரஷன்’ கிடைத்துவிடுமாம். 9-க்கு 1 இன்ஜினில் 7.35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) பூஸ்ட் கொடுத்தால் மொத்த அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆக 13.5-க்கு 1, பெட்ரோல் தாங்காது என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இந்த அட்டவணையில் நம்பிக்கை இல்லை. 47 டிகிரி செல்சியஸில் உள்ளே வரும் காற்றை 9 மடங்கு நெருக்கினால் சுமார் 498 டிகிரி ஆகும், 13.5 மடங்கு நெருக்கினால் 633 டிகிரி. டர்போ அழுத்திய காற்றை, அதைக் குளிர்விப்பதற்கென்றே வைக்கும் இன்டர்கூலர் 47 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டால், சிலிண்டருக்குள் நடப்பது 9 மடங்கு நெருக்கம்தான். 135 டிகிரி வித்தியாசத்தை அந்த அட்டவணை கண்டுகொள்வதே இல்லை.

இதே கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டினால் சுவாரசியம் கூடும். 47 டிகிரி காற்றை 8 மடங்கு நெருக்கினால் 462 டிகிரி. கம்ப்ரஷனில் கைவைக்காமல் 9-லேயே விட்டுவிட்டு, உள்ளே வரும் காற்றை 32 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் அதே 462 டிகிரிதான்! கம்ப்ரஷனில் ஒரு புள்ளி குறைப்பதும் காற்றில் 15 டிகிரி குறைப்பதும் கடைசி வெப்பநிலையில் ஒன்றே. மேலதிகமாக, குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே பூஸ்ட்டில் சுமார் 5 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும். இது காற்றை மட்டும் வைத்துப் போட்ட எளிய கணக்கு. பெட்ரோல் ஆவியாகும்போது ஏற்படும் குளிர்ச்சியும் சுவர்கள் வாங்கிக்கொள்ளும் வெப்பமும் இதில் இல்லை. அழுத்தமும் நாக்கிங்கைத் தூண்டும் என்பதால், அந்த வகையில் கம்ப்ரஷனைக் குறைப்பவருக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. ஆனாலும் நல்ல இன்டர்கூலரை வாங்காமல் பிஸ்டனை மாற்ற ஓடுபவர் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் என்பதே என் கட்சி.

1962-ல் அமெரிக்காவில் டர்போ பொருத்திய இரண்டு கார்கள் விற்பனைக்கு வந்தன. செவ்ரோலே கார்வேர் கம்ப்ரஷனை 8-க்கு இறக்கி 150 குதிரைத்திறனோடு திருப்திப்பட்டது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரோ 10.25-லேயே நின்று, 3.5 லிட்டரில் 215 குதிரைத்திறன் எடுத்தது. நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உள்ளே பீய்ச்சினார்கள். அது தீர்ந்தால் பூஸ்ட் தானே குறைந்துவிடும். பலர் திரவத்தை நிரப்பவே மறந்துபோனார்கள். குளிர்விக்கும் வழி சரியானதுதான், ஆனால் ஓட்டுநரின் ஞாபகசக்தியை நம்பியிருந்தது. இன்று நேரடியாக சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜின்கள் அதே குளிர்ச்சியைப் பெட்ரோலிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஃபோர்டின் 1 லிட்டர் ஈகோபூஸ்ட் 10-க்கு 1-ல் ஓடுவது அதனால்தான்.

‘எதற்கு வம்பு, 7-க்கு இறக்கிவிடலாமே’ என்று கேட்கலாம். சாலையில் ஓடும் வண்டி பெரும்பாலான நேரம் பூஸ்ட்டே இல்லாமல்தான் ஓடுகிறது. டர்போ விழித்துக்கொள்ளும்வரை 7-க்கு 1 இன்ஜின் மந்தமாக இழுக்கும், பெட்ரோலையும் கூடக் குடிக்கும். எதிர்ப்பக்கம் போய் கம்ப்ரஷனை ஏற்றிக்கொண்டே போனால், நாக்கிங்கைத் தவிர்க்கப் பொறியைத் தாமதப்படுத்த வேண்டிவரும். ஏற்றியதால் கிடைத்த லாபம் சைலன்சர் வழியாகச் சூடாக வெளியேறிவிடும். ஹெட்டுக்குள் காற்று நுழையும் வழியான போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் வண்டிக்கு, இன்டர்கூலரும் மிதமான பூஸ்ட்டும் இருந்தால் 8.5-லிருந்து 9.5-க்குள் நிற்பது என் தேர்வு.

அந்த எண்ணை எப்படி எட்டுகிறோம் என்பதில்தான் ஹெட் உள்ளே வருகிறது. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரமும் ஹெட்டின் தட்டையான ஓரமும் ஏறக்குறைய 1 மி.மீ. வரை நெருங்குகின்றன. நடுவில் மாட்டிய கலவை பீய்ச்சிக்கொண்டு பிளக்கை நோக்கிப் பாய்கிறது. இதை ஸ்குவிஷ் என்பார்கள். கலவை கொந்தளிப்பதால் தீ வேகமாகப் பரவுகிறது. மூலையில் காத்திருக்கும் நேரம் குறைகிறது. அந்த மெல்லிய இடுக்கில் மிஞ்சிய கொஞ்சமும் இரு பக்கமும் உலோகத்தை ஒட்டியிருப்பதால் குளிர்ந்தே கிடக்கிறது. வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருந்த சைடு வால்வு காலத்து இன்ஜின்களுக்கு பிரிட்டிஷ் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ வடிவமைத்த ஹெட்டும் இந்தக் கொந்தளிப்பை வைத்துத்தான் நாக்கிங்கை விரட்டியது.

கம்ப்ரஷனைக் குறைக்க மலிவான வழி, ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைத் தடித்ததாகப் போடுவது. நம் சிலிண்டரில் 8.9 சி.சி. கூட்ட வேண்டுமானால் கேஸ்கெட் 1.5 மி.மீ. தடிக்க வேண்டும். 1 மி.மீ. இடுக்கு 2.5 மி.மீ. ஆகிவிடும். கலவை பீய்ச்சும் வேகம் போயிற்று. குளிர்ந்த இடுக்கும் போயிற்று. எண்ணைக் குறைத்தும் நாக்கிங் அப்படியே நிற்கலாம். அந்த இரண்டு டீஸ்பூனைப் பிஸ்டனின் நடுவில் குழியாக எடுக்க வேண்டும், ஓரத்தைத் தொடக்கூடாது.

ஹெட் எந்த உலோகம் என்பதை விரைவில் சொல்லிவிடலாம். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கிடைத்தால் அதுவே மேல். அதைவிட முக்கியம் பிளக் நிற்கும் இடம். நாலு வால்வுக்கு நடுவே பிளக் இருந்தால் தீ எல்லாப் பக்கமும் குறைந்த தூரமே ஓடினால் போதும். அறைக்குள் கூர்மையான விளிம்புகள் இருந்தால் வழவழப்பாக்கிவிட வேண்டும். அவை பழுத்துச் சிவந்து பொறிக்கு முன்பே தீமூட்டும்.

‘பூஸ்ட்தான் காற்றைத் திணிக்கிறதே, போர்ட் எப்படி இருந்தால் என்ன’ என்பார்கள். பூஸ்ட் மீட்டர் காட்டுவது உள்ளே போன காற்றின் அளவையல்ல, போக முடியாமல் தேங்கி நிற்கும் அழுத்தத்தை. நன்றாக மூச்சுவிடும் ஹெட் அதே காற்றைக் குறைந்த பூஸ்ட்டில் வாங்கிக்கொள்ளும். பூஸ்ட் குறைந்தால் சூடும் குறையும். அதற்காக போர்ட்டைக் குகைபோலக் குடையவும் கூடாது. டர்போ தூங்கும் நேரத்தில் காற்றின் வேகம் செத்துவிடும்.

எரியும்போது அழுத்தம் 80 பார் (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) தொட்டால், 86 மி.மீ. போரின் மேல் ஹெட்டைத் தூக்கும் விசை கிட்டத்தட்ட 4.7 டன். அதனால் பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டும் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் நல்ல ஸ்டட்களும் (திருகு கம்பிகள்) வேண்டும். ஹெட்டை நிரந்தரமாகப் பூட்டும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிஸ்டனின் ஓரத்தில் சால்டரிங் ஈயக்கம்பித் துண்டு இரண்டை கிரீஸ் தடவி ஒட்டி, பழைய கேஸ்கெட்டோடு ஹெட்டை முடுக்கி, பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். மறுபடி கழற்றி, நசுங்கிய கம்பியின் தடிப்பை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 1 மி.மீ. பக்கத்தில் வந்தால் புதுக் கேஸ்கெட்டை வாங்கலாம்.