டிராமடால், மார்ஃபினுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? நோயாளிக்கு இருக்கும் உரிமையையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், வலி மாத்திரை தீர்ந்ததும் பழைய டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். மற்ற மாத்திரையெல்லாம் கிடைக்கிறது, டிராமடால் மட்டும் கிடைக்கவில்லை. "இதுக்குப் புதுச் சீட்டு வேணும் சார்" என்கிறார் கடைக்காரர். கோபம் வரத்தான் செய்யும். கடைக்காரர் சட்டப்படிதான் நடந்துகொண்டார், கொடுத்திருந்தால்தான் தப்பு. இந்தியாவில் ஓபியம் வகை வலி மருந்துகளுக்கு (ஓபியாய்டு என்பார்கள்) தனி விதிகள் இருக்கின்றன. அவை என்ன, எதற்காக வந்தன, கடும் வலியில் இருப்பவருக்கும் மாத்திரையை விட முடியாமல் மாட்டிக்கொண்டவருக்கும் அதே சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் எந்த மருந்துகள் என்று பார்த்துவிடலாம். டிராமடால், டேபென்டடால், கோடீன், மார்ஃபின், ஃபென்டனில், பியூப்ரினார்ஃபின், பென்டசோசின். நம் ஊரில் அதிகம் எழுதப்படுவது டிராமடால்தான், அதுவும் பாராசிட்டமாலோடு கலந்து ஒரே மாத்திரையாக. ஒரு மாத்திரையில் 37.5 மில்லிகிராம் டிராமடாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கும். இதை விழுங்கிவிட்டு, காய்ச்சல் என்று தனியாக டோலோவும் போட்டால் பாராசிட்டமால் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்ளே போகிறது. அது கல்லீரலுக்கு ஆகாது.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர் பக்கத்திலேயே சிவப்பு நிறத்தில் என்.ஆர்.எக்ஸ் என்று அச்சடித்திருந்தால், அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (என்.டி.பி.எஸ் சட்டம்) கீழ் வரும் மருந்து. டிராமடால் 2018 ஏப்ரலில்தான் அந்தப் பட்டியலுக்குள் வந்தது. அதற்கு முன்பே, 2014 மார்ச் முதல், அட்டவணை எச்1 என்ற இன்னொரு கட்டுப்பாடும் அதன் மேல் இருக்கிறது. எச்1 மருந்தை விற்றால் எழுதிக்கொடுத்த டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எத்தனை மாத்திரை என்ற விவரங்களைத் தனிப் பதிவேட்டில் கடைக்காரர் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் உங்கள் பெயரைக் கேட்கிறார்.

சீட்டு விஷயத்தில் பலருக்கும் தெரியாத விதி ஒன்று உண்டு. ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான் மருந்து. மறுபடியும் கொடுக்கலாம் என்று டாக்டரே அதில் எழுதியிருந்தால்தான் அடுத்த தடவை வாங்க முடியும். மருந்து கொடுத்ததும் கடையின் பெயரும் முகவரியும் தேதியும் டாக்டர் கையெழுத்துக்கு மேலே குறிக்கப்பட வேண்டும் என்பதும் விதி. அப்புறம், போனிலோ வீடியோவிலோ டாக்டரைப் பார்த்து வாங்கும் சீட்டு என்.ஆர்.எக்ஸ் மருந்துகளுக்குச் செல்லாது. 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், என்.டி.பி.எஸ் பட்டியலில் உள்ள மருந்துகளை அப்படி எழுதவே கூடாது என்று சொல்லிவிட்டது. நேரில்தான் போக வேண்டும்.

வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்? டிராமடால் மாதிரி மனமயக்க மருந்து வகையில் வருபவற்றைச் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலத் தேவை என்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை. மார்ஃபினுக்குக் கணக்கு வேறு: சீட்டுப்படி ஒரு தடவை உங்களுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டதோ அவ்வளவு. எதுவானாலும் சீட்டைத் தூக்கிப் போடாமல் மாத்திரையோடு சேர்த்தே வையுங்கள், வெளியூர் போகும்போது கட்டாயம். மிச்சமான மாத்திரையைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு முதுகுவலி என்று எடுத்துக் கொடுப்பது நல்ல மனசில் செய்வதுதான் என்றாலும், சட்டப்படியும் தப்பு, மருத்துவப்படியும் ஆபத்து.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை, முதல் சில நாள் குமட்டல், தலைசுற்றல், தூக்கக் கலக்கம், அரிப்பு வரலாம், பெரும்பாலும் தானே குறையும். அந்த நாட்களில் வண்டி ஓட்ட வேண்டாம். மலச்சிக்கல் மட்டும் குறையவே குறையாது. மருந்து உள்ளே போகும்வரை குடல் மந்தமாகவே இருக்கும், உடம்பு அதற்குப் பழகுவதில்லை. அதனால் சில நாட்களுக்கு மேல் இந்த மருந்து தேவைப்பட்டால் மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். வயதானவர்கள் மலச்சிக்கல் தாங்காமல் வலி மாத்திரையையே நிறுத்திவிட்டு வலியோடு கிடப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கேட்டு வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் அது. ஆண்களில் புராஸ்டேட் வீக்கம் இருப்பவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

பயப்பட வேண்டியது மூச்சுக்குத்தான். இந்த மருந்துகள் அளவு மீறினால் மூளையில் மூச்சை நடத்தும் பகுதியை மந்தப்படுத்துகின்றன. மதுவோடு சேர்ந்தாலும், அல்ப்ரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகளோடு சேர்ந்தாலும் அந்த ஆபத்து பல மடங்கு கூடும். ராத்திரி குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் வியாதி இருப்பவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். உலுக்கினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்து, கண்ணின் பாப்பா குண்டூசி முனை அளவு சுருங்கியிருந்தால், தூங்கி எழட்டும் என்று விடாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு, என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். நலாக்ஸோன் என்ற முறிவு ஊசி இருக்கிறது, நேரத்தில் போட்டால் ஆள் பிழைக்கலாம்.

டிராமடாலுக்கென்று தனிக் குணங்கள் சில உண்டு. அளவு கூடினால் வலிப்பு வரலாம். ஏற்கெனவே வலிப்பு நோய் இருப்பவருக்கு வழக்கமான அளவே ஆபத்தாகலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து நடுக்கம், கடும் வியர்வை, குழப்பம், காய்ச்சல் என்று போய் உயிருக்கே பிரச்சினையாகலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடம்பிலேயே தேங்கும், அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வேண்டும். 12 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கோடீனோ டிராமடாலோ கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் சொல்லிவிட்டது. சில பிள்ளைகளின் உடம்பு இந்த மருந்துகளை மிக வேகமாக வீரியமுள்ள பொருளாக மாற்றிவிடுவதுதான் காரணம், கோடீன் அப்படித்தான் மார்ஃபினாகிறது. பெரியவர்களுக்கு வாங்கிய கோடீன் இருமல் சிரப்பைக் குழந்தைக்கு அரை ஸ்பூன் ஊற்றுவது அவ்வளவு ஆபத்தானது.

சரி, அடிமையாதல். இங்கே இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சில வாரம் தொடர்ந்து எடுத்தால் யாருடைய உடம்பும் மருந்துக்குப் பழகும். சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சல், வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கும் வலி, தூக்கமின்மை எல்லாம் வரும். அது உடம்பின் பழக்கம், டாக்டர் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினால் சமாளிக்கலாம். அடிமையாதல் வேறு. வலி போன பிறகும் மனசு மாத்திரையைத் தேடும். சொன்னதைவிட அதிகம் விழுங்குவது, இரண்டு மூன்று டாக்டரிடம் தனித்தனியாகச் சீட்டு வாங்குவது, ஒளித்து வைப்பது, வேலையும் வீடும் கெடுவது தெரிந்தும் விட முடியாமல் இருப்பது, இதெல்லாம் அதன் அடையாளம். குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு எடுப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு, நாள் கூடக் கூட ஏறும். குடும்பத்தில் குடி, போதைப் பழக்கம் இருந்தாலோ, தீராத மனச்சோர்வு இருந்தாலோ இன்னும் கவனம் தேவை. எத்தனை நாளைக்கு, எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்ற மூன்றையும் சீட்டு வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இதில் வேறொரு முகமும் இருக்கிறது. டேபென்டடால் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள் பற்றிய செய்தி அடிக்கடி வருகிறது. விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையில் இருக்கும் மாவும் ஒட்டுப்பொருளும் ரத்தத்தில் கரையாது. ரத்தக்குழாய் அடைபடும், சீழ் பிடிக்கும், ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வியும் மஞ்சள்காமாலையும் தொற்றும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன். இத்தனையும் கேட்டுவிட்டு, புற்றுநோய் முற்றிய அப்பாவுக்கு டாக்டர் மார்ஃபின் எழுதும்போது "ஐயோ, அது போதை மருந்தாச்சே" என்று பிள்ளைகள் தடுத்துவிடக் கூடாது. அந்த வலிக்கு அதுதான் மருந்து. 1985 சட்டம் வந்த பிறகு அனுமதி வாங்கும் அலைச்சலுக்கும் தண்டனைக்கும் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வைப்பதையே விட்டன. விற்பனை அதல பாதாளத்துக்கு விழுந்தது. உலகத்துக்கே ஓபியம் விளைவித்துக் கொடுக்கும் நாட்டில் நோயாளிகள் வலியில் கதறினார்கள். கேரளத்தின் வலி நிவாரண மருத்துவர்கள், குறிப்பாக டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவரோடு சேர்ந்தவர்களும், வருடக்கணக்காகப் போராடியதன் பலனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவத் தேவைக்கு இந்த மருந்துகள் கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டது.

2015இல் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய 6 மருந்துகள் அத்தியாவசியப் போதை மருந்துகள் என அறிவிக்கப்பட்டன. முன்பு நாலைந்து துறைகளில் வாங்க வேண்டியிருந்த உரிமங்களுக்குப் பதில், மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும். அப்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களில், பயிற்சி பெற்ற டாக்டர் எழுதி, அங்கேயே மருந்து கொடுப்பார்கள். தெருமுனை மெடிக்கலில் மார்ஃபின் இல்லை என்று ஓய்ந்துவிட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புற்றுநோய் மருத்துவமனை, வலி நிவாரணப் பிரிவு உள்ள இடங்களில் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை பார்க்கும் வசதி இருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

மார்ஃபின் மாத்திரை விலை குறைவு. சாதாரண வகையை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வரும்வரை காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுராத்திரி எழுப்பாமல் இருக்கப் படுக்கும்போது கொடுக்கும் அளவைச் சில டாக்டர்கள் கூட்டித் தருவார்கள், அதை நீங்களாகச் செய்யாதீர்கள். டாக்டர் சொன்ன அளவில், மேற்பார்வையோடு எடுக்கும் புற்றுநோயாளி அதற்கு அடிமையாவது அரிது.

மாட்டிக்கொண்டவருக்கும் சட்டத்தில் வழி உண்டு. என்.டி.பி.எஸ் சட்டத்தின் 64ஏ பிரிவுப்படி, போதைக்கு அடிமையான ஒருவர் மீது சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், அவர் தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட மாட்டார். ஒரு நிபந்தனை, சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் பாதுகாப்பு பறிபோகலாம். விற்பவருக்கு இது பொருந்தாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனப் பாதிப்பையும் மனநோய் என்றே கணக்கில் எடுப்பதால், அரசு நடத்தும் இடங்களில் சிகிச்சை பெறுவதும், விவரங்கள் ரகசியமாக வைக்கப்படுவதும் உங்கள் உரிமை. வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து மறைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 டெலி மானஸ் மனநல உதவி எண், இரண்டும் இலவசம். தமிழக அரசு 2025இல் கலங்கரை என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது. அங்கே கட்டிப்போட்டு அடித்துத் திருத்த மாட்டார்கள். வீட்டுக்காரர்கள் காசு கட்டிச் சேர்க்கும் சில தனியார் இடங்களில் அந்தக் கொடுமை நடக்கிறது, சேர்க்கும் முன் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிச்சம் இரண்டு சின்ன விஷயங்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரைகளை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் டிராமடாலும் கோடீனும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள், அந்த நாட்டு அரசிடம் முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும், இல்லாமல் பிடிபட்டால் சிறை வரை போகும். அடுத்தது, மீந்த மாத்திரை. மற்ற மருந்துகளைக் கழிவறையில் கொட்டக் கூடாது என்பார்கள். இவற்றுக்கு விதிவிலக்கு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 17 மருந்துகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடச் சொல்கிறது, டிராமடால், மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் அதில் உண்டு. தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச்சை உரித்த பிறகும் அதில் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துவிட்டு உடனே அப்புறப்படுத்துங்கள், தவழும் குழந்தை இருக்கும் வீடென்றால் குப்பைக்கூடையில்கூட விட்டுவைக்காதீர்கள்.