தூருக்குள் ஒரு மேட்டூர்

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கஜா புயலுக்குத் தப்பின தென்னை எல்லாம் இப்ப ஒண்ணொண்ணா பட்டுப்போகுது. அடிமட்டை தொங்குது, தூர்ல செங்காவி மாதிரி சாறு வடியுது. ஒரு மரம் போனா அடுத்தது பக்கத்து மரந்தான். வெளிநாட்டுல தேன் காளான்னு ஒண்ணு பெரிய பெரிய தோட்டத்தையே காலி பண்ணுதாமே, அதுதானா இது?"

அது இல்லை. அவர் சொல்லும் அடையாளங்கள் கேனோடெர்மா என்ற வேறொரு பூஞ்சையுடையவை. பாடத்தில் அடித்தண்டழுகல் என்பார்கள். பழைய பெயர் தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பிறகு நம் கடலோரத் தோப்புகளில் பரவலாகத் தெரிந்ததால் வந்த பெயர். மழைக்குப் பின் தூரை ஒட்டி, மேலே மெருகு பூசியதுபோல் தட்டையாக ஒரு காளான் முளைத்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனாலும் தேன் காளானை நினைத்தது நல்லதாயிற்று. இரண்டும் பிழைக்கும் வழி ஒன்றுதான், அது தேன் காளானில் தெளிவாகத் தெரியும்.

பூஞ்சைக்கு வாய் கிடையாது. நூல் போன்ற இழைகளிலிருந்து நொதிகளைக் கசியவிட்டு, மரத்தை வெளியிலேயே கரைத்து உறிஞ்சும். செத்த மரம் என்றால் எளிது. உயிருள்ள வேர் சும்மா இருக்காது. இழை நுழையும் இடத்தில் நச்சைச் சுரக்கும், தடுப்புச் சுவர் எழுப்பும். காற்றில் வந்து விழுந்த ஒரு பூஞ்சை விதைத்துகள் தனியாக இந்தச் சண்டையில் ஜெயிப்பது கடினம். பின்னாலிருந்து சோறு வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சோறு எங்கே இருக்கிறது? வெட்டிப்போட்ட மரத்தின் தூரில்.

தேன் காளான் தூரைத் தின்றபடியே ஷூ லேஸ் போன்ற கறுப்பு நாண்களை மண்ணுக்குள் விடும். வெளியே கெட்டியான கறுப்புத் தோல், உள்ளே உணவு ஓடும் இழைக்கற்றை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் தூர்தான் மேட்டூர், நாண் வாய்க்கால், அடுத்த மரத்தின் வேர் கடைமடை. அணையில் இருப்பு உள்ளவரை, ஒன்றுமே கிடைக்காத வெறும் மண்ணையும் அந்த நாண் கடந்துவிடும். தூர் பெரிதாக இருந்தால் எட்டும் தூரமும் தாக்கும் பலமும் கூடும். தூரம் கூடக் கூட நுனியின் பலம் குறையும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலக் காட்டில் ஒரே ஒரு தேன் காளான் இப்படியே பரவி, சுமார் 965 ஹெக்டேருக்கு விரிந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டு ஒருவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தாங்காது. 1930களில் நியாசாலாந்தில், அதாவது இன்றைய மலாவியில், தேயிலை போடுவதற்காகக் காட்டு மரங்களை வெட்டினார்கள். தூர்களிலிருந்து தேன் காளான் கிளம்பித் தேயிலையை அழித்தது. லீச் என்ற ஆய்வாளர், மரத்தை உடனே வெட்டாமல் அடிப்பட்டையை வளையமாக உரித்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். இலை தயாரிக்கும் சர்க்கரை பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அது நின்றுபோனாலும் வேர் உயிரோடுதானே இருக்கிறது? சேமித்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துத் தண்ணீரை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். மரம் சாகும் நாளில் வேரில் இருப்பு இருக்காது. தேன் காளானுக்கு மிஞ்சுவது வற்றிய அணை. மருந்தே வேண்டாம், ஒரு கத்தி போதும்!

தென்னையில் இது பலிக்காது. தென்னையின் தண்டமைப்பு மாமரம், வேம்பு மாதிரி இல்லை, புல்லுக்கு நெருக்கம். சர்க்கரை கொண்டுபோகும் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, உரிப்பதற்குப் பட்டை வளையம் இல்லை. அதே காரணத்தால் தென்னைக்குப் பட்ட காயமும் மூடாது. ஏர் கிழித்த வேர் கிழிந்ததுதான்.

கேனோடெர்மாவுக்கு அந்தக் கறுப்பு நாண் கிடையாது. நோயுள்ள வேரை நல்ல வேர் தொடும் இடத்தில் தாண்டுகிறது. மரத்துக்கு மரம் 25 அடி விடச் சொல்வார்கள். அதைவிட நெருக்கி நட்ட பழைய தோப்புகளில், வேர்கள் பின்னிக் கிடக்கின்றன. புயலில் முறிந்த மரத்தை மேலே அறுத்து விற்றுவிட்டுத் தூரை மண்ணிலேயே விட்டோம். பொக்லைன் வாடகைக்கு அன்றைக்கு யாரிடம் பணம் இருந்தது? விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழுந்த மரத்துக்கு நிவாரணம் என்றால் தூர் எடுக்கும் கூலியும் அதில் சேர்ந்திருக்க வேண்டும்.

வாசகரின் வீட்டில் திருஷ்டி என்று சொல்லி வெண்பூசணி கட்டியிருக்கிறார்களாம். கண் பட்டதென்றால் காய்த்துத் தொங்கும் மரம்தானே முதலில் போக வேண்டும்? தூருக்குப் பக்கத்து மரம் ஏன் போகிறது?

ஆராய்ச்சியிலும் குறை இருக்கிறது. பட்டுக்கோட்டை வட்டாரத்தில் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் இந்த நோயில் வேலை செய்கிறது. ஆனால் மண்ணுக்குள் மெதுவாக நகரும் நோயைப் பத்துப் பதினைந்து வருடம் ஒரே தோப்பில் தொடர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வருடத் திட்டப் பணத்தில் அது நடக்காது என்பது என் கருத்து.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பட்ட மரத்தைத் தூரோடும் வேரோடும் எடுத்து எரித்துவிடுங்கள். நோய் கண்ட மரத்தைச் சுற்றி அகழி வெட்டுங்கள். உழவு வேண்டாம். ஒரு மரத்தடியிலிருந்து அடுத்த மரத்தடிக்குத் தண்ணீர் பாயவிடாமல் தனித்தனிப் பாத்தி கட்டுங்கள். மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, கூடவே டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை. ஊடே வாழை போடலாம். அறுத்துவிட்ட மூன்று தூர்கள் இன்னும் தோப்பில் கிடப்பதாக எழுதியிருக்கிறார். ஐயா, நன்றாகக் காய்க்கும் மரங்களுக்கு மிக அருகில் இருக்கும் தூரை இந்த வாரமே தோண்டிவிடுங்கள். மற்ற இரண்டும் அப்புறம்.