மீனுக்கு முன்பே குடியேற வேண்டியவை

புதுத் தொட்டி, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிற தண்ணீர். அன்றைக்கே மீன்களை விட்டாயிற்று. இரண்டு நாள் துள்ளி விளையாடுகின்றன. நான்காம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாரம் முடிவதற்குள் ஒவ்வொன்றாக மிதக்கின்றன. கடைக்காரர் நோய்பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலும் கோளாறு மீனில் இல்லை. தொட்டி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்ததுதான் வினை.

நம் உடல் புரதக் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. மீனுக்கு அந்தச் சிரமம் கிடையாது. அம்மோனியாவாகவே செவுள் வழியே நீரில் விட்டுவிடுகிறது. ஆற்றில் அது கரைந்து போய்விடும். தொட்டியில் எங்கே போகும்? தின்னாமல் அடியில் தங்கி அழுகும் தீனியும் அதோடு சேர்ந்துகொள்கிறது.

அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியால் பெரிய தீங்கில்லை. அயனியாகாத அம்மோனியாதான் செவுளை அரிக்கும் நஞ்சு. எது எவ்வளவு என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது நீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் அளவு. 25 டிகிரி செல்சியஸில் பிஎச் 7 என்றால் நஞ்சு வடிவம் 1 சதவீதம்கூட இல்லை. பிஎச் 8 ஆனால் சுமார் 5 சதவீதம், 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் இரண்டு தொட்டிகளில் மொத்த அம்மோனியா ஒரே அளவு இருந்தாலும், ஒன்றில் மீன் பிழைக்கும், மற்றதில் சாகும்.

இங்கேதான் பாக்டீரியா வருகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட்டாக மாற்றி, அதில் கிடைக்கும் ஆற்றலில் பிழைக்கின்றன. சரி, நைட்ரைட் நல்லதா? இல்லை. அது இரத்தத்தில் நுழைந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமாக்கிவிடும், இரத்தமே பழுப்பாகிவிடும். நீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் மீன் மேலே வந்து திணறுவது இதனால்தான். கொஞ்சம் உப்பு போடச் சொல்வது பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும், ஆனால் உண்மை: உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது.

அடுத்த கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. அந்த வேலை நைட்ரோபாக்டருடையது என்றே வெகுகாலம் நம்பினார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998ல்தான் காட்டப்பட்டது. 2015ல் இன்னொரு ஆச்சரியம். அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் கண்டுபிடித்தன. ஒரு குழுவுக்கு அது கிடைத்த இடம், மீன் வளர்ப்பு அமைப்பு ஒன்றின் வடிகட்டி!

இந்தப் பாக்டீரியாக்கள் பெருகுவது மெதுவாகத்தான். குடல் பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால் தொட்டி தயாராக வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் இல்லாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வந்தால் போதும். டெஸ்ட் கிட்டில் முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்ஜியமாகி நைட்ரேட் மட்டும் தெரியும் நாளில் சில மீன்களை விடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடக் கூடாது. நோயில்லாத பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

பஞ்சு என்றதும் என் முட்டாள்தனம் நினைவுக்கு வருகிறது. பழுப்பேறிக் கிடக்கிறதே என்று குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று பிழிந்து கழுவினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவதே கிருமியைக் கொல்லத்தான். அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி தெரியாது. மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. பஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசினால் போதும். புதிதாக ஊற்றும் நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும், ஆனால் குளோரமின் கலந்த நீரென்றால் அப்படிப் போகாது. அதற்கான மருந்து சேர்க்க வேண்டும்.

கடைசியில் மிஞ்சும் நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை மாற்றினால் அளவோடு இருக்கும். செடிகள் நைட்ரேட்டையும், அதற்கு முன்பே அம்மோனியத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். 1850ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா செடியையும் நத்தைகளையும் ஒரே தொட்டியில் விட்டு, நீர் மாற்றாமலே அவை நலமாக வாழ்வதைக் காட்டினார். செடி தரும் ஆக்சிஜன் மீனுக்கு, மீன் விடும் கரியமில வாயு செடிக்கு, அழுகும் இலை நத்தைக்கு என்று அவர் கணக்குப் போட்டார். அடியில் மணலும் சேறும் போட்டிருந்தார். அந்த மணலில் யார் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்ட மேலும் 40 ஆண்டுகள் ஆயின.