தெருவோரத்தில் கடை போட அனுமதி: சட்டம் என்ன தருகிறது?

நடைபாதையும் தெருவோரமும் மாநகராட்சியின் இடம். அங்கே தள்ளுவண்டி நிறுத்தவோ, தார்ப்பாய் விரித்துக் கடை போடவோ ஒருவருக்கு உரிமை உண்டா? உண்டு. 2014-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது. ஆனால் அந்த உரிமை கைக்கு வந்து சேர்வது வியாபாரிகள் கணக்கெடுப்பின் மூலம்தான். பலரும் கோட்டை விடுவதும் அங்கேதான்.

ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது சட்டம். குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள்; அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்தக் குழு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும். அதில் பெயர் ஏறிய, 14 வயது நிறைந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். ஆகவே ஆட்கள் கணக்கெடுக்க வரும்போது நீங்களோ வீட்டில் ஒருவரோ கடையில் இருங்கள். பெயர் விட்டுப்போனாலும் இடையில் விண்ணப்பிக்கலாம். இடம் இருந்தால்தான் கிடைக்கும். வார்டு, மண்டலம் அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வியாபாரிகள் என்பதே வரம்பு.

இந்தச் சான்றிதழ் பிழைப்புக்கான அனுமதி, அவ்வளவுதான். இடம் உங்களுடையது ஆகிவிடாது. வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் கடை நடத்துவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இடத்தை வாடகைக்கு விட்டால் சான்றிதழ் ரத்தாகலாம். அதை வைத்திருந்தவர் இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ, மனைவி அல்லது கணவர், இல்லையென்றால் அவரைச் சார்ந்த பிள்ளை, அதன் காலம் முடியும்வரை கடையைத் தொடரலாம்.

சரி, கணக்கெடுப்பே நடக்கவில்லை, அதற்குள் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றால்? கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. எனக்குத் தெரிந்து, சட்டத்திலேயே வியாபாரிகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய வரி இதுதான்.

சான்றிதழ் வைத்திருப்பவரை இடம் மாற்றுவதானாலும் 30 நாள் நோட்டீஸ் வேண்டும். அந்தக் கெடு தாண்டியும் காலி செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம் போடலாம், சரக்கையும் எடுத்துப் போகலாம். எடுத்தால் அங்கேயே பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு, உங்களிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். தராசு, எடைக்கல், பிளாஸ்டிக் கூடை, எத்தனை கிலோ தக்காளி என எல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லாரி கிளம்பிய பிறகு கேட்டால் பேச்சுக்குப் பேச்சுதான் மிஞ்சும். நீங்கள் கேட்டுப் போனால், கட்டணம் வாங்கிக்கொண்டு, தக்காளி போல அழுகும் பொருளை அன்றைக்கே தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள்.

சான்றிதழ் மறுத்தாலோ ரத்து செய்தாலோ மாநகராட்சியிடம் மேல்முறையீடு செய்யலாம். மற்ற குறைகளுக்கு, சிவில் நீதிபதியாகவோ மாஜிஸ்திரேட்டாகவோ இருந்தவர் தலைமையில் தனிக் குழு உண்டு. மனுவை எழுத்தில் கொடுங்கள்.

ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஸ்டேஷன் வாசலில் கடை போட்டிருப்பவர்கள், வண்டி நிற்கும் இடம் ரயில்வேயுடையதா மாநகராட்சியுடையதா என்று முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் விண்ணப்பம் எழுதுங்கள்.