இன்சர்ட்டின் தலையில் எதற்குப் பள்ளம்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஐ.டி.ஐ. மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லேத்தில் மாட்டுகிற கார்பைடு இன்சர்ட்டின் மேல்பக்கம் ஏன் மேடும் பள்ளமுமாக இருக்கிறது? கம்பெனி அடையாளத்துக்கா?" இன்சர்ட் என்பது லேத் டூலின் நுனியில் மாட்டும், உலோகத்தை வெட்டுகிற சின்னத் துண்டு. கூடவே ஒரு புலம்பலும் எழுதியிருக்கிறார். போர்வெல் பம்புக்கு ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் கடையும்போது சீவி வரும் உலோகச் சுருள் அறுபடாமல் நீண்டுகொண்டே போய், ஷாஃப்ட்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சுற்றிக்கொள்கிறதாம். பயந்துபோய் ஃபீடை, அதாவது ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை, குறைத்தால் இன்னும் அதிகமாகச் சுற்றுகிறதாம்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் மழை குறைவு, போர்வெல் அதிகம். ஆகவே அந்த ஷாஃப்ட் வேலைக்கு அங்கே பஞ்சமில்லை. அவருடைய கேள்விக்கும் புலம்பலுக்கும் பதில் ஒன்றுதான்.

டூல் எதனால் ஆனது என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1900 பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான டெய்லரும் வைட்டும் உருவாக்கிய ஹைஸ்பீடு ஸ்டீல், முனை சிவக்கச் சூடேறியும் மழுங்காமல் வெட்டிக் காட்டியது. 1920களில் ஜெர்மனியில் டங்ஸ்டன் கார்பைடு தூளையும் கோபால்ட்டையும் அழுத்திச் சுட்டு அதைவிடக் கடினமான ஒன்றைச் செய்தார்கள். நம் பட்டறைகளில் இருக்கும் கார்பைடு அதுதான். மைல்டு ஸ்டீலை ஹைஸ்பீடு டூல் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் வேகத்தில் வெட்டினால், கோட்டிங் போட்ட கார்பைடு 200 மீட்டரிலும் வெட்டும். சுருள் பெரிய தலைவலியானது இந்த வேகத்தால்தான்.

சரி, சுருள் எப்படி உண்டாகிறது? டூலின் விளிம்பு உலோகத்தைப் பிளப்பதில்லை. தனக்கு முன்னால் இருப்பதை நெருக்குகிறது. நெருக்கம் தாங்காத உலோகம், விளிம்பிலிருந்து ஜாப்பின் (கடையப்படும் துண்டின்) மேற்பரப்பு வரை சாய்வாக ஓடும் ஒரு மெல்லிய தளத்தில் அடுக்கடுக்காகச் சரிந்து, டூலின் முகத்தில் ஏறுகிறது. இப்படி நசுங்கிச் சரிவதால் சுருள் தடித்துப்போகிறது. ஃபீடு 0.2 மில்லிமீட்டர் வைத்துக் கடைந்து, ஆறிய சுருளை மைக்ரோமீட்டரில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ காட்டும். தடிப்பு ஏறிய அளவுக்கு நீளம் குறையும். இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும், 200 மீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 100 மீட்டர் சுருள் வெளியே வரும். கொதிக்கும் சூட்டில், கத்தி ஓரத்தோடு!

அதே சுருளைத் திருப்பிப் பாருங்கள். டூலில் உரசி வந்த பக்கம் பளபளக்கும். மறுபக்கம் சொரசொரப்பாக, நுண்ணிய படிகளாக இருக்கும். சரிந்த அடுக்குகளின் தடம் அது.

இப்போது பள்ளத்துக்கு வருவோம். விளிம்பிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் அந்தப் பள்ளமும் அதன் பின்னால் ஒரு மேடும் இருக்கும். நேராக ஓடிவரும் சிப், அதாவது நம் சுருள், பள்ளத்தில் இறங்கி, மேட்டில் மோதி, வளைந்து எழும்புகிறது. 'சிப் பிரேக்கர்' என்று பெயர் இருப்பதால் அங்கேயே உடைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே உடைவதில்லை. பள்ளம் அதைச் சுருட்டிவிடுகிறது, அவ்வளவுதான். சுருண்ட நுனி சுற்றிவந்து ஜாப்பின் மேலோ டூலின் பக்கவாட்டிலோ முட்டுகிறது. பின்னாலிருந்து சிப் வந்துகொண்டே இருக்கிறது, நுனிக்கோ போக இடமில்லை. வேறு வழியில்லாமல் சுருள் விரிய ஆரம்பிக்கிறது. அந்த நொடியில்தான் உடைகிறது!

விரியும்போது இழுபடுவது சுருளின் உள்பக்கம். உள்பக்கம் எது? அந்தச் சொரசொரப்பான பக்கம். ஒவ்வொரு படியின் இடுக்கும் விரிசல் தொடங்கத் தயாராக இருக்கும் இடம். தன்னை உடைக்கிற காயங்களை சிப் பிறக்கும்போதே முதுகில் வாங்கிக்கொண்டு வருகிறது. ட்ரேயில் 6, 9 வடிவத்தில் துண்டுகள் விழுந்தால் எல்லாம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம். இயந்திரவியலில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

அப்புறம் அந்த ஃபீடு விஷயம். பனையோலையைச் சுருட்டி விரிக்கலாம், பனமட்டையை அப்படிச் செய்தால் முறியும். வளைவு அதேதான், தடிமன் கூடினால் பரப்பில் விழும் இழுவிசை கூடுகிறது. ஃபீடைக் குறைத்தால் சிப் மெலிகிறது, எவ்வளவு விரித்தாலும் முறியாமல் தப்பிக்கிறது. ஆகவே சுருள் சுற்றினால் ஃபீடைக் கூட்டிப் பார்க்க வேண்டும், இன்சர்ட் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள். வெட்டின் ஆழமும் முனை ஆரத்தைவிட (இன்சர்ட் முனையின் வளைவு ஆரத்தைவிட) குறையக் கூடாது. குறைந்தால் சிப் பள்ளத்துக்குள் சரியாக இறங்காது. சுற்றிவிட்டதா? மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஓடும் சக்கின் பக்கம் போகவே கூடாது.

ஃபீடைக் கூட்டுவதற்கும் விலை உண்டு. ஃபீடு இரண்டு மடங்கானால் பரப்பின் சொரசொரப்பு சுமார் நான்கு மடங்காகும். 0.8 மில்லிமீட்டர் முனை ஆரத்தில் 0.1 ஃபீடுக்குக் கணக்குப்படி 1.6 மைக்ரான் வரும் ஏற்ற இறக்கம், 0.2 ஃபீடுக்கு 6 மைக்ரானைத் தாண்டும். அதனால் கடைசி மெல்லிய வெட்டான ஃபினிஷிங்குக்கு ஃபீடைக் குறைவாகத்தான் வைக்க வேண்டும். அந்த மெல்லிய சிப்பும் உடைவதற்காக ஃபினிஷிங் இன்சர்ட்டில் பள்ளத்தைக் குறுக்கி முனைக்கு வெகு அருகில் வைக்கிறார்கள். சி.என்.எம்.ஜி. 120408 என்ற ஒரே இன்சர்ட் எண்ணில் பல விதப் பள்ளங்கள் கிடைப்பது இதற்காகத்தான். கடைக்குப் போனால் எண்ணை மட்டும் சொல்லாதீர்கள், என்ன உலோகம், ரஃபிங்கா (முதல் பருவெட்டா) ஃபினிஷிங்கா என்பதையும் சொல்லுங்கள்.

சுருள் கையைக் கிழித்ததும் லேத்தின் திசையை வாஸ்துப்படி மாற்றிய பட்டறைகளைக் கேரள-தமிழக எல்லையின் இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குக் குங்குமம் வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. வாஸ்துக்காரருக்குக் கொடுத்த பணத்தில் சரியான இன்சர்ட் ஒரு பெட்டி வாங்கியிருக்கலாம். அரசு மேலும் எனக்குக் குறை உண்டு. இந்தப் பள்ளங்களின் வடிவம் பெரிய கம்பெனிகளின் சொத்து. பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலும் கோவையிலும் இருக்கிற சின்னப் பட்டறைகள் அவர்கள் கேட்லாக்கைத்தான் நம்பியிருக்கின்றன. ஐ.டி.ஐ.களில் வெட்டுவிசை அளக்கும் கருவி ஒன்று வைத்து, பையன்களையே பரிசோதனை செய்ய விட ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளி போதும்.

எல்லா உலோகத்துக்கும் இவ்வளவு பாடு இல்லை. சாம்பல் வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில்கள் இருப்பதால் சிப் தானாகவே தூளாகும். பம்ப் பாடி கடைபவருக்கு இந்தத் தொல்லையே தெரியாது. சுத்தமான செம்பு நேர் எதிர், எந்தப் பள்ளத்துக்கும் எளிதில் மசியாது. இப்படி மசியாத உலோகங்களுக்காகச் சில புதிய சி.என்.சி. (கணினி இயக்கும்) லேத்துகள் டூலை முன்னும் பின்னுமாக ஆட்டுகின்றன. சில சுற்றுக்கு ஒரு முறையாவது டூல் ஜாப்பை விட்டுக் கணநேரம் விலகிவிடுகிறது, சிப் அங்கேயே அறுந்துபோகிறது.