சுகர் ஃப்ரீ பிஸ்கட்டும் ஏறும் சர்க்கரையும்

சர்க்கரை நோய்க்கான உணவு ஆலோசனைக்கு வருபவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், "பிஸ்கட்தான், அதுவும் சுகர் ஃப்ரீ" என்ற பதில் அலுக்காமல் வந்துகொண்டிருக்கிறது. இந்த வாரம் வந்த பெரியவர் ஒருவர், இரு வேளைக் காபியோடும் அரைப் பாக்கெட் சாப்பிட்டுவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருந்தினார். மாத்திரையின் மீது பிழையில்லை.

நம் நாட்டு விதிப்படி, 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத தின்பண்டத்தைச் சுகர் ஃப்ரீ என்று விற்கலாம். அந்தக் கணக்கில் மாவுச்சத்து சேராது. பாக்கெட்டின் பின்புறம் சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து தொடங்கி வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அதில் முதலில் நிற்பது பெரும்பாலும் மைதா, அந்த மைதா உடலுக்குள் போய்க் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. ஆகவே சர்க்கரை என்ற வரியில் பூஜ்ஜியத்தைப் பார்த்து நிம்மதி அடையாமல், அதற்கு மேலே உள்ள கார்போஹைட்ரேட் அளவைப் பாருங்கள். செயற்கை இனிப்பால் புற்றுநோய் வருமா என்று பதறிக் கேட்பவர்கள்கூட, மைதாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டிகளை, சேர்மானப் பட்டியலில் உள்ள எண்களைக் கொண்டு அடையாளம் காணலாம். 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ். சுக்ரலோஸ் சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பது என்பதால் மிகச் சிறிதளவே போதும். அதனால் பட்டியலின் கடைசியில் பொடி எழுத்தில் ஒதுங்கியிருக்கும். ஜீரோ குளிர்பானத்தில் மட்டுமன்றிப் புரதப் பவுடர், சூயிங் கம், குறைந்த கலோரி ஜாம் ஆகியவற்றிலும் தேடிப் பாருங்கள். 420 சார்பிட்டால், 965 மால்ட்டிட்டால் ஆகியவை வேறு வகை. மால்ட்டிட்டால் ஓரளவு சர்க்கரையை ஏற்றும், இரண்டுமே அதிகமானால் வயிற்றுப்போக்கைத் தரும். அந்த வயிற்றுப்போக்குக்குச் சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினைக் குற்றம் சொல்லி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் சர்க்கரைக்குப் பதிலாக அளவோடு பயன்படுத்தலாம். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மட்டும் அஸ்பார்டேம் கலந்த எதையும் தரவே கூடாது. அடுத்த முறை ஆலோசனைக்கு வரும்போது, ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு வீட்டிலுள்ள காலி பாக்கெட்டுகளையும் கொண்டு வாருங்கள்.