சீல் மாற்றியும் ஒழுகும் ஜீப்

ஜீப்பின் நடு வயிற்றுக்கு நேர் கீழே, மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் படிந்தால் வன்னியில் வழமையாக நடப்பது இதுதான். வவுனியாவிலிருந்து ஒரு புதிய ஒயில் சீல் வரும். பழையதைக் கழற்றிவிட்டு அதை அடித்து இறக்குவார்கள். சில மாதங்களில் கறுப்பு வட்டம் திரும்பி வரும், பழி கடைக்காரர் தலையில் விழும். போலிச் சாமான் சந்தையில் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ட்ரான்ஸ்பர் பொக்ஸ் என்ற பெட்டியில் சீல் பெரும்பாலும் கடைசியில்தான் கெடுகிறது. அதற்கு முன்பே உள்ளே வேறு ஏதோ தேய்ந்திருக்கும்.

நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனங்களில் இந்தப் பெட்டி கியர்பொக்ஸின் பின்னால் இருக்கிறது. எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் அனுப்புவது அதன் முதல் வேலை. வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டுவது அடுத்தது. 1971 முதல் 1985 வரை வெளிவந்த லாண்ட் றோவர் சீரிஸ் 3ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பெட்டியில் மேல் கியரின் விகிதம் 1.148, கீழ் கியரின் விகிதம் 2.35. சிவப்புத் தடியைக் கீழ் கியருக்கு இழுத்தால் சில்லுகளின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது, இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. நெல் மூட்டையோடு வயல் சேற்றில் புதைந்த வண்டி ஊர்ந்து வெளியே வருவது இந்தக் கணக்கால்தான். எஞ்சின் தருவது அதே வலுதான். வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கியிருக்கிறோம், அவ்வளவே.

இந்த வகைப் பெட்டியில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீளமான பாதையில் போகின்றன. கிரவல் வீதியில் டயர் கொஞ்சம் சறுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துவிடும். ஏ9 போன்ற காப்பெற் வீதியில் டயர் சறுக்காது. அப்போது ஈரச் சாரத்தை இருவர் இரு முனையிலும் பிடித்து முறுக்குவதுபோல், முன்னும் பின்னும் உள்ள ஷாப்ட்கள் உள்ளே முறுகிக்கொள்கின்றன. சுமை முழுவதும் பற்களுக்கும் பெயரிங்குகளுக்கும் போகிறது. மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சில்லு இழுவைக்குப் போனவர், அதை விடுவிக்க வண்டியை நிறுத்தி, சிவப்புத் தடியைக் கீழ் கியருக்கு இழுத்து மறுபடி மேலே தள்ள வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து காட்டுப் பாதையில் வந்து மாங்குளத்தில் ஏ9இல் ஏறுபவர் இதை மறந்தால், யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் பெட்டியின் ஆயுளில் கணிசமான ஒரு பங்கைச் செலவழித்திருப்பார்.

இனி சீல். ஓர் இறப்பர் உதடு, அதன் முதுகைச் சுற்றி மெல்லிய சுருள்வில் வளையம், இரண்டையும் தாங்க ஒரு தகர வளையம். உதடு ஷாப்டை இறுகக் கவ்வி ஒயிலை அடைக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆனால் வண்டி ஓடும்போது உதடு ஷாப்டைத் தொடுவதே இல்லை என்னலாம். இரண்டுக்கும் இடையில் மிக மெல்லிய ஒயில் படலம் ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் இறப்பர் விரைவில் கருகிவிடும். உதட்டின் ஒயில் பக்கச் சரிவு செங்குத்தாகவும் காற்றுப் பக்கச் சரிவு சாய்வாகவும் இருப்பதால், ஷாப்ட் சுழலும்போது வெளியே கசியப் பார்க்கும் ஒயிலை அது உள்ளே திருப்பி இறைக்கிறது. சீலை மறுபக்கமாகப் பொருத்தினால் அதே இறைப்பு வெளிநோக்கி நடக்கும்.

இங்குதான் நம் செம்மண் வருகிறது. தூசியில் உள்ள குவார்ட்ஸ் துகள், கடினமாக்கிய உருக்கைவிடவும் கடினமானது. அது உதட்டில் பதிந்துவிட்டால் மென்மையான இறப்பர் அரத்தாள் ஆகிறது. இறப்பர் தேய்வதற்கு முன்பே ஷாப்டில் ஒரு பள்ளம் விழுகிறது. நகத்தை ஷாப்டின் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், தடுக்கினால் அந்தப் பள்ளத்தில் எந்தப் புதிய சீலும் நெடுநாள் நிற்காது.

புதிய ஷாப்ட் கிடைக்காத இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. சீலை ஓரிரு மில்லிமீற்றர் முன்னே அல்லது பின்னே இருத்தி, தேயாத இடத்தில் உதடு படும்படி செய்யலாம். இல்லையேல் ஏறத்தாழ 0.28 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு உறை ஒன்றைப் பள்ளத்தின் மேல் ஏற்றலாம். மூன்றாவதாகப் பலர் செய்வது, அரத்தாளால் ஷாப்டை மினுக்குவது. கையை இடமும் வலமும் நகர்த்தி மினுக்கினால் கண்ணுக்குத் தெரியாத சுருள் கீறல்கள் விழுகின்றன. அவை திருகாணியின் புரியைப் போலவே இயங்கி, ஷாப்ட் சுழலும் திசையைப் பொறுத்து ஒயிலை வெளியே தள்ளும். கடைச்சல்காரரிடம் கொடுத்தாலும், தாளை ஒரே இடத்தில் நேராகப் பிடிக்கச் சொல்வது முக்கியம்.

பள்ளம் இல்லாமலும் ஒழுகலாம். பெயரிங் தேய்ந்திருந்தால் ஷாப்ட் சுழலும்போது சிறு வட்டமாக அலைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் உதடு அதைப் பின்தொடர வேண்டும். குறைந்த வேகத்தில் முடியும், வேகம் கூடினால் இறப்பர் பிந்திவிடும், அந்த இடைவெளியில் ஒயில் வரும். ஒயில் மட்டம் குறைய, பெயரிங் இன்னும் தேயும். வண்டியை அசையாமல் குற்றி கொடுத்து நிறுத்தி, ஷாப்டின் விளிம்பைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் சீல் வாங்கப் போகக் கூடாது.

அடுத்தது காற்று. பெட்டிக்கு மூச்சுவிட ஒரு சிறு துளை உண்டு. சேறு அதை அடைத்துவிட்டால், 30 பாகை செல்சியஸில் இருக்கும் உட்காற்று ஓட்டத்தில் 90 பாகைக்குச் சூடாகும்போது அமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். இரண்டு மீற்றர் ஆழத் தண்ணீரின் அடியில் கூடும் அமுக்கம் அது. உதடு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மாரியில் இது எதிர்த்திசையில் நடக்கிறது. சூடான பெட்டி வாய்க்கால் வெள்ளத்தில் இறங்கியதும் உட்காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, அதே உதட்டின் வழியே தண்ணீரை உறிஞ்சும். வடிக்கும்போது ஒயில் பால்கோப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அத்தகைய ஒயிலில் ஓடும் பெயரிங்கின் மேற்பரப்பு துருவேறிச் செதில் செதிலாகப் பெயரும். துளையிலிருந்து ஒரு குழாயை எடுத்து இருக்கைக்கு அடியில் உயரத்தில் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். செலவு, குழாயின் விலை மட்டும்.

இன்னொன்று, கியர்பொக்ஸுக்கும் ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்கும் இடையில் உள்ள சீல். அது போனால் கியர்பொக்ஸின் ஒயில் இங்கே இறங்கி, மட்டம் கூடி, பின்பக்கமாக வழியும். பார்ப்பவர் ட்ரான்ஸ்பர் பொக்ஸைத் திட்டுவார். உண்மையில் ஒயில் இல்லாமல் அழுதுகொண்டிருப்பது கியர்பொக்ஸ். இரண்டின் மட்டத் துளைகளையும் திறந்து பார்த்தால் விடயம் வெளிச்சமாகும்.

வீட்டில் பிரிக்கலாமா? பிரிக்கலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிப் பழகிய மண் இது, ஒரு பெட்டியைக் கண்டு பயப்படாது. ஆனால் ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே படுக்காதீர்கள். சீரிஸ் லாண்ட் றோவரில் நடு ஷாப்டையும் அதைச் சுற்றியுள்ள ஊசி உருளைகளையும், பின்னால் இருக்கும் ஹான்ட்பிரேக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியை இறக்காமலேயே உருவி எடுக்கலாம். அதிகம் தேய்வது அந்த ஷாப்ட்தான். கியர்ப் பற்களின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது. பள்ளம் விழுந்து அந்தத் தோல் பெயர்ந்த கியரை எண்ணெய் பூசி மறுபடி போடுவதில் பயனில்லை. கீழ் கியர் தானாகத் தெறித்து வெளியே வந்தால், பிணைக்கும் பற்களின் ஓரங்கள் உருண்டுபோயிருக்கும்.

பெயரிங்கின் வெளி வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்குவதை நான் வெறுக்கிறேன். பெட்டி அலுமினியம், வளையம் உருக்கு. அலுமினியம் ஒரு பாகை வெப்பத்துக்கு உருக்கைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிகிறது. 80 மில்லிமீற்றர் துளையுள்ள பெட்டியைக் கொதிநீரில் வைத்தால் துளை ஏறத்தாழ 0.13 மில்லிமீற்றர் அகலும். வளையத்தை மீன்வாடி ஐஸில் புதைத்தால் அது இன்னும் 0.03 சுருங்கும். இரண்டும் சேர்ந்தால் வளையம் கையால் அழுத்தவே இறங்கிவிடும். நெல் அவிக்கும் கிடாரம் இதற்குப் போதும், பிறகு அதில் நெல் அவிக்க முடியாது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. வளையம் இறங்கியதும் துளையின் ஈரத்தைத் துடைத்து ஒயில் பூச வேண்டும்.

பின் ஷாப்டைத் தாங்கும் கூம்பு உருளைப் பெயரிங்குகளை அளவாக இறுக்குவதுதான் மிகவும் பொறுமை கேட்கும் வேலை. தளர்வாக விட்டால் ஷாப்ட் அலையும், அதிகம் இறுக்கினால் சூடாகிச் சிதையும். பெட்டிக்கும் மூடிக்கும் இடையில் வைக்கும் மெல்லிய சிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இதைச் சரிசெய்கிறோம். அளக்க ஒரு நூலை ஷாப்டில் சுற்றி, வில் தராசில் கொளுவி, சீராக இழுக்க வேண்டும். ஷாப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது தராசு காட்டுவதே கணக்கு, அசைய ஆரம்பிக்கும் கணத்தில் காட்டுவது கூடுதலாக இருக்கும். வாகனத்தின் வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இந்தச் சோதனை சீல் போடுவதற்கு முன்பே நடக்க வேண்டும். சீலின் உராய்வு சேர்ந்தால் அளவு பொய்யாகும்.

சீலை ஏற்றும்போது உதட்டில் கொஞ்சம் ஒயில் பூசி, ஷாப்டின் பல்வரிகள் உதட்டைக் கிழிக்காதபடி அவற்றின் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் சுற்றுங்கள். ஒயில் ஊறிய ஹான்ட்பிரேக் லைனிங்குகளைப் பெற்றோலில் கழுவி மறுபடி போடாதீர்கள், சூடானதும் உள்ளிருந்த ஒயில் மீண்டும் மேலே வரும். புதியவை போட வேண்டும். கடைசியில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மட்டத் துளையால் ஒயில் வழியத் தொடங்கும்வரை ஊற்றி, வழிவது நின்றதும் மூடியை இறுக்குங்கள். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று அதற்குமேல் திணித்தால் கியர்கள் அதைக் கலக்கி நுரையாக்கும். நுரை சூடாகும், சூடு அமுக்கத்தைக் கூட்டும், புதிய சீல் முதல் வாரத்திலேயே கசியும்.